பச்சைத் திட்டு

ஜனவரி 14

என் அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நடமாடிக்கொண்டிருக்கிறேன், என் உடம்பைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. உன் இருமல் விட்டதா? ஆய்வுக்கூடத்தில் அந்தக் குளிர் அறையிலேயே பழி கிடக்காதே.

போனில் பேசலாமே என்பாய். போன் கூடத்தில் இருக்கிறது. மகன் போனதிலிருந்து அத்தை கூடத்தை விட்டு நகர்வதே இல்லை. மணி அடித்தால் சட்டென்று தலை நிமிர்கிறது. தப்பாகச் சொல்லிவிட்டோம், உங்கள் பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று யாரோ சொல்லப்போகிறார்கள் என்பதுபோல் பார்க்கிறார். அந்தப் பார்வைக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால் மதிய இடைவேளையில், கண்ணாடிக் கடையில், லென்ஸ் தேய்க்கும் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாளில் வெள்ளைத் தூள் இருந்தால் தட்டிவிட்டுப் படி.

உன் அத்தான் போய் இன்றோடு எழுபத்தொரு நாள். புற்றுநோய்ச் சிகிச்சை ஆரம்பிக்கும் முன் அவருடைய விந்தை மூன்று குழல்களில் உறைய வைத்தது உனக்குத் தெரியும். படிவத்தில் கையெழுத்துப் போடும்போது, "நான் பொழைச்சாலும் இது வேணும், பொழைக்கலைன்னாலும் உனக்கு வேணும்" என்றார். வெல்டர் கை இல்லையா, அடித்தாள் வரைக்கும் அழுத்திப் போட்டார்.

போன வாரம் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா இல்லை. அங்கே சோதனைக்கூடத்தில் இருக்கும் பெண்ணிடம், "இது முட்டைக்குள்ள போனதும் என்ன ஆகும்?" என்று கேட்டேன். "தலையில இருக்கறது மட்டும்தான் குழந்தைக்கு. வால், மேல்தோல் எல்லாம் வேஸ்ட்டும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தாள்.

பஸ்ஸில் வரும்போது அந்த வார்த்தை என்னோடு வந்தது. அவர் சட்டையைக்கூட நான் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. இது அவர் தோல். நீ இதைத்தானே ஆராய்ச்சி செய்கிறாய்? வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்வாய், நாங்கள் இருவரும் கொட்டாவி விடுவோம். இப்போது கேட்கிறேன். அந்தத் தோல் என்ன ஆகிறது? உள்ளது உள்ளபடி எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 3

அன்பு அக்கா,

இருமல் போய்விட்டது, கவலைப்படாதே. அத்தை ஏதாவது சாப்பிடுகிறாரா? நீ சாப்பிடுகிறாயா என்று கேட்டால் பொய் சொல்வாய், அதனால் கேட்கவில்லை.

அந்தப் பெண் அவசரத்தில் சொல்லியிருக்கிறாள். விந்தணு முட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டு நுழைவதில்லை. இரண்டுக்கும் மெல்லிய சவ்வு இருக்கிறது. அவை தொட்டு, ஒட்டி, ஒன்றாகிவிடுகின்றன. இரண்டு சோப்புக் குமிழ்கள் ஒட்டி ஒரே குமிழாவதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, அப்படி. உள்ளே இருப்பது உள்ளே போகிறது. மேல்தோல் உள்ளே போவதில்லை, முட்டையின் மேல்தோலோடு சேர்ந்து வெளியிலேயே இருந்துவிடுகிறது. அந்தத் தோலில் பதிந்திருந்த புரதங்கள் அதற்குப் பிறகு எங்கே போகின்றன என்பதுதான் நான் மூன்று வருடமாக மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி.

உனக்கு முதலில் சொல்கிறேன், வெளியே யாருக்கும் தெரியாது. பதில் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். எலியின் விந்தணுத் தோலில் பச்சையாக ஒளிரும் சாயம் ஏற்றி, முட்டைகளோடு சேர்த்தேன். முட்டையின் மேல் ஒரு பச்சைத் திட்டு. அது பரவிக் கலைந்துபோகும் என்றுதான் எதிர்பார்த்தேன். கலையவில்லை. முட்டை இரண்டாகப் பிரிந்தது, திட்டு இருந்தது. நாலாகப் பிரிந்தது, இருந்தது. எட்டான பிறகும் ஒரே ஒரு செல்லின் மேல், ஒரு ஓரத்தில், பச்சையாக இருந்தது அக்கா.

பேராசிரியரிடம் ஓடினேன். "நீ பாத்தியா, பாக்கணும்னு ஆசைப்பட்டியா?" என்றார். அவரையே மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தேன். ஐந்து நிமிடம் எழுந்திருக்கவில்லை.

எலியில் பார்த்ததுதான், மனிதரில் யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் சொல்கிறேன். அத்தான் வேஸ்ட் ஆகமாட்டார். உள்ளேயும் இருப்பார், வெளியேயும் இருப்பார்.

உன் கடிதத்திலிருந்த தூளைத் தட்டவில்லை, அப்படியே மடித்து வைத்திருக்கிறேன்.

உன் தங்கை


பிப்ரவரி 22

என் கண்ணுக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து தூங்குகிறேன். இதைவிட என் உடம்பைப் பற்றி நல்ல சேதி கிடையாது.

அத்தைக்கும் படித்துக் காட்டினேன். முதலில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "திட்டு வர்ற எடத்தை இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன்.

"எட்டாகுற வரைக்கும் மேலயே இருக்குமாமா?"

"எலிக்கு இருந்துச்சாம் அத்தை."

"எலிக்கே இருந்தா எம்புள்ளைக்கு இருக்காதா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. நானும் சிரித்தேன், பிறகு இரண்டு பேரும் அழுதோம். அன்றைக்கு அவர் கூடத்தை விட்டு எழுந்து வந்து என்னோடு அடுக்களையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

இப்போது ஒரு கேள்வி. டாக்டரம்மாவைப் பார்த்தேன். "உங்க வீட்டுக்காரரோடது ரொம்ப பலவீனமா இருக்கு. உருக்கினா பத்துல ரெண்டுதான் நீந்தும். முட்டைக்குப் பக்கத்துல விட்டுட்டு தானா சேரும்னு காத்திருக்க முடியாது. இப்ப புதுசா ஒரு முறை வந்திருக்கு. ஒண்ணே ஒண்ணை எடுத்து ஊசியால முட்டைக்குள்ள வெச்சிடலாம்" என்றார். மற்றபடி என் இஷ்டம் என்றும் சொன்னார்.

அந்த ஊசி முறையில் தோல் ஒட்டுமா? நீ சொன்ன திட்டு வருமா? சீக்கிரம் எழுது. மார்ச் கடைசியில் முதல் குழலை எடுக்கப்போகிறார்கள்.

குளித்துவிட்டு ஈரத்தலையோடு வேலைக்குப் போகாதே.

அக்கா


மார்ச் 8

அன்பு அக்கா,

சுகமாக இருக்கிறேன். அத்தை சிரித்த இடத்தை நாலு தடவை படித்தேன். என் வேலையால் ஒருவர் எழுந்து வந்து சாப்பிட்டார் என்றால் அதற்கு மேல் எனக்கு என்ன பட்டம் வேண்டும்.

கேட்டதற்கு வருகிறேன். ஊசி முறையில் தோல்கள் ஒன்றாவதில்லை. விந்தணுவை முழுசாக உள்ளே வைத்துவிடுகிறார்கள். மேல்தோல் முட்டைக்குள்ளேயே சிதைந்துவிடும். வெளியே திட்டு வர வழியில்லை. குழந்தை என்னவோ எந்த முறையிலும் ஒன்றுதான். டாக்டர் சொல்வதும் காரணத்தோடுதான். ஆனால் இது உன் வாழ்க்கை அக்கா, உன் மனம் எதற்கு ஒப்புகிறதோ அதைச் செய்.

ஜூலையில் பெரிய மாநாடு இருக்கிறது. பேராசிரியர் என்னையே பேசச் சொல்லிவிட்டார். எட்டு செல் படத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்து வைக்கப்போகிறோம். நான் மேடையில் நின்று பேசுவதை அத்தான் பார்த்திருந்தால் விசில் அடித்திருப்பார். உனக்கு ஒரு பிரதி அனுப்புகிறேன், சட்டம் போட்டு வைத்துக்கொள்.

நல்ல சேதிக்குக் காத்திருக்கும்

தங்கை


ஏப்ரல் 4

தங்கைக்கு,

நீ சுகம்தானே. எனக்கு வயிறு இன்னும் வீங்கித்தான் இருக்கிறது, முட்டை வளர்வதற்கு ஊசிகள் போட்டதால். இறங்கிவிடும் என்கிறார்கள்.

நான் ஊசி முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் விட்டு, தானாகச் சேரட்டும் என்றேன். டாக்டரம்மா மறுபடி மறுபடி கேட்டார். "என் தங்கச்சி இதையேதான் படிக்கிறா" என்றேன். படிவத்தில் அப்படியே எழுதிக்கொண்டார்.

ஏழு முட்டை எடுத்தார்கள். ஆறில் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றில் சேர்ந்தது. இரண்டாம் நாள் இரண்டு செல்லாக இருந்தது. பார்க்கவேண்டும் என்று கெஞ்சினேன், காட்டினார்கள். எண்ணெய்த் துளி இரண்டு ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது. சாயம் போட்டால்தான் பச்சை தெரியும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இடதுபக்கத்துத் துளியில், கீழ் ஓரத்தில் அவர் இருக்கிறார் என்று தோன்றியது. அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன். "போதும்மா, சூடு பட்டா கெட்டுடும்" என்று மூடிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் அது வளரவில்லை.

அத்தையிடம் சொன்னபோது, "ரெண்டு நாள் இருந்தானா?" என்றார். இருந்தார் என்றேன். "சரி. இன்னும் ரெண்டு இருக்குல்ல" என்று எழுந்து போய்விட்டார்.

மே மாதம் மறுபடி. அதே முறையில்தான். உன் பிப்ரவரி கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியவில்லை. படத்தை அனுப்புகிறேன் என்றாயே, மறந்துவிடாதே.

உன் அக்கா


ஏப்ரல் 28

அன்பு அக்கா,

நலமாக இருக்கிறேன். உன் வயிற்று வீக்கம் குறைந்ததா? தாமதமாக எழுதுகிறேன், மன்னித்துக்கொள். இங்கே மைக்ராஸ்கோப் விளக்கு எரிந்துபோய், புதிது வர பத்து நாள் ஆனது.

நடந்ததற்கு வருத்தப்படாதே. மே மாதமே மறுபடி போக வேண்டுமா? உடம்பு தேறட்டுமே. இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாமே. குழல்கள் எங்கேயும் ஓடிவிடாது. டாக்டரிடமும் இன்னொரு தடவை எல்லாவற்றையும் பேசிவிடு.

படம் இன்னும் அச்சாகவில்லை.

அத்தையைக் கேட்டதாகச் சொல்.

தங்கை


மே 27

தங்கைக்கு,

உன் உடம்பு எப்படி என்று கேட்டு எழுதத்தான் வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்.

இரண்டாவது குழலும் போய்விட்டது. ஒன்பது முட்டை. ஒன்பதில் ஒன்றுகூட இல்லை. மறுநாள் காலையில் அவற்றைச் சுற்றி அவருடையவை அசையாமல் கிடந்தன என்று சொன்னார்கள். தொட்டுக்கொண்டு கிடந்தனவாம், சேரவில்லையாம்.

டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா நான் முதல்லயே சொன்னேன். இனி ஒண்ணுதான் இருக்கு. அதையும் இப்படியே விட்டா நான் செய்யமாட்டேன், வேற டாக்டரைப் பாருங்க."

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டேன். அத்தை என் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தார். என் காலிலிருந்து செருப்பை அவரே கழற்றினார். எனக்கு அது தாங்கவில்லை.

கடையில் மூன்று லென்ஸ் உடைத்துவிட்டேன். பவர் மாற்றித் தேய்த்து ஒருவருக்குக் கொடுத்தும்விட்டேன். முதலாளி நல்லவர், வீட்டுக்குப் போ என்றார். வீட்டில் என்ன இருக்கிறது?

உன் போன கடிதம் அரைப் பக்கம். நீ அரைப் பக்கம் எழுதுகிறவள் இல்லை. திட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை, மாநாட்டைப் பற்றி இல்லை. விளக்கு எரிந்துபோனதாம். நான் தினமும் கண்ணாடியோடு புழங்குகிறவள், விளக்கு மாற்ற எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். என்ன நடந்தது? நான் செய்தது சரியா தப்பா என்று நீதான் சொல்ல முடியும். சொல்.

அக்கா


ஜூன் 4

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்கு முகமில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் திட்டு பொய்.

ஏப்ரல் பதினோராம் தேதி தெரிந்தது. மாநாட்டுக்கு முன் கடைசியாக ஒரு சரிபார்ப்பு செய்யவேண்டும் என்று பேராசிரியர் சொன்னார். செத்த விந்தணுக்களுக்கு அதே சாயத்தை ஏற்றி, முட்டைகளோடு வைத்து, பிறகு கழுவி எடுத்துவிட வேண்டும். செத்தது முட்டையோடு சேராது. ஆகவே பச்சை எதுவும் மிஞ்சக் கூடாது. ஆனால் அவை தொட்டுக்கொண்டிருந்த இடத்திலெல்லாம் திட்டு இருந்தது. அதே அளவு, அதே பச்சை. முட்டை சாயத்தை வாங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். நான் பார்த்தது தோல் இல்லை, கறை.

பேராசிரியரிடம் சொன்னேன். "இன்னொரு தடவை செஞ்சு பாரு. யார்கிட்டயும் இப்ப வாயைத் திறக்காத" என்றார். செய்தேன். அப்படியேதான் வந்தது. புரதத்தையே அடையாளம் காணும் வேறு முறையில் பார்த்தேன். சேர்ந்த சில மணி நேரத்தில் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. முட்டையின் தோலெங்கும் பரவிக் கரைகிறதா, உள்ளே இழுக்கப்பட்டு அழிகிறதா, இரண்டும் நடக்கிறதா, எனக்குத் தெரியாது. நான் உனக்குச் சொன்னதை நான் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம். ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி உனக்கு எழுதும்போது இதெல்லாம் எனக்குத் தெரியும். முதலில் மூன்று பக்கம் எழுதினேன், கிழித்துவிட்டேன். தலையணை உறை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்தபிறகு கை வரவில்லை. பொறுத்துக்கொள், தள்ளிப்போடு என்று சொன்னால் நீயே நின்றுவிடுவாய் என்று நம்பினேன். ஒரு தந்தி அடித்திருந்தால் போதும், இரண்டாவது குழல் இருந்திருக்கும்.

அதைவிடப் பெரிய தப்பு மார்ச்சில். திட்டு நிஜமாகவே இருந்திருந்தாலும் அதனால் குழந்தைக்கு ஒன்றுமில்லை. தோல் வழியாக அத்தானின் சாயலோ குணமோ வராது. எல்லாம் உள்ளே இருப்பதில்தான். ஊசி முறையிலும் அதேதான் உள்ளே போகிறது. இது பள்ளிக்கூடத்துப் பாடம். 'டாக்டர் சொல்வதைக் கேள்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'உன் மனம் ஒப்புகிறதைச் செய்' என்று எழுதினேன். என் கண்டுபிடிப்பை நீ அவ்வளவு பெரிதாக நினைத்தது எனக்குப் பிடித்திருந்தது.

கடைசிக் குழலை ஊசி முறையில் போடு. நான் சொல்லி நீ கேட்க வேண்டியதில்லை, டாக்டர் சொல்லிக் கேள்.

தங்கை


ஜூலை 29

சின்னவளுக்கு,

உன் அக்காவின் மாமியார் எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும். எனக்கு எழுத்து கோணலாக வரும், பொறுத்துப் படி.

நீ ஜூனில் எழுதியதை அவள் படித்தாள். அதற்குப் பிறகு நீ போட்ட மூன்று கடிதத்தையும் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறாள். நான் பிரிக்கவில்லை. அவளுடையதைப் பிரிக்கும் பழக்கம் எனக்கில்லை.

பழையதை எல்லாம் அடுப்பில் போட்டுவிட்டாள். நான் தடுக்கவில்லை. மறுநாள் சாம்பலைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா தேடற?" என்றேன். "ஒண்ணுமில்ல அத்தை" என்றாள். நாலு நாள் கடைக்குப் போகவில்லை. இப்போது போகிறாள், வருகிறாள். என்னோடு பேசுகிறாள். உன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள்.

நான் படித்தவள் இல்லை. உன்னைத் திட்ட எழுதவில்லை. நீ எழுதிய பொய்யில் நானும்தான் ஒரு மூன்று மாதம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்று தெரிய வேண்டும். ஊசியில் வைக்கிற பிள்ளை என் மகன் பிள்ளையா, இல்லையா? கால் பிள்ளை, அரைப் பிள்ளை என்று சுற்றி வளைக்காதே. ஒரே வரியில் எழுது. அவள் அதைத்தான் யோசிக்கிறாள், கேட்கமாட்டாள். நான் சொன்னால் கேட்பாள்.

பதில் என் பேருக்கு வரட்டும்.

அத்தை


அக்டோபர் 11

தங்கைக்கு,

நான் எழுந்து நடக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன்.

அத்தைக்கு நீ எழுதிய ஒற்றை வரி வந்தது. 'முழுக்க முழுக்க உங்கள் மகன் பிள்ளை.' அத்தை அதைத் தட்டில் சாப்பாட்டோடு வைத்து என் முன்னால் தள்ளினார். படித்தேன். மறுநாள் டாக்டரம்மாவிடம் போனேன்.

செப்டம்பர் முதல் வாரம் ஊசி முறை. ஒரு திரையில் எனக்குக் காட்டினார்கள். ஒரு கண்ணாடிக் குழாய் முட்டையைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு பக்கம் முடியைவிட மெல்லிய ஊசி. துடித்துக்கொண்டிருந்தவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வாலில் ஒரு தட்டுத் தட்டினார்கள். துடிப்பு நின்றுவிட்டது. "ஏன்?" என்று கேட்டேன். "உள்ள போய் துடிச்சா முட்டை கெட்டுடும்மா. உயிர் இருக்கு, பயப்படாதீங்க" என்றார்கள். ஊசி பட்டதும் முட்டை குழிந்து, குழிந்து, சட்டென்று உள்வாங்கியது. ஊசியை எடுத்ததும் மெதுவாகப் பழைய வட்டத்துக்கு வந்துவிட்டது. உள்ளே அவர் தலை தெரிந்தது. சாயம் இல்லாமல், என் கண்ணால் பார்த்தேன்.

எட்டு முட்டையில் ஐந்து கருவானது. இரண்டு வளரவில்லை, நன்றாக இருந்த மூன்றையும் என் கர்ப்பப்பையில் வைத்தார்கள்.

பதினாலாம் நாள் ரத்தப் பரிசோதனை. ஆமாம் என்றார்கள். ஹார்மோன் அளவு குறைவுதான், ஆனால் ஆமாம். அத்தையிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒன்பது நாள் நான் படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். லென்ஸ் எந்திரம் அதிரும் என்று முதலாளியிடம் சொல்லிப் பில் போடும் மேசைக்கு மாறிக்கொண்டேன். பத்தாம் நாள் காலையில் கடையின் குளியலறையில் எல்லாம் முடிந்துவிட்டது. யாரையும் கூப்பிடவில்லை. தரையைக் கழுவிவிட்டு, முகம் கழுவிவிட்டு, வெளியே வந்து வரிசையில் நின்றிருந்த மூன்று பேருக்குப் பில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

இனி அவருடையது எதுவும் எங்கேயும் இல்லை.

உன் மேல் எனக்கு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். நீ பச்சைத் திட்டைப் பற்றி எழுதிய பிறகு நான் தூங்கிய அந்த மூன்று மாதத்தைப்போல அவர் போனபிறகு வேறெப்போதும் தூங்கியதில்லை. அதற்காக உன்னைத் திட்டவும் முடியவில்லை, அதனாலேயே மன்னிக்கவும் முடியவில்லை.

ஒரே ஒரு கேள்வி. முதல் இரண்டு குழலையும் ஊசியில் வைத்திருந்தால் எனக்குக் குழந்தை நின்றிருக்குமா? அத்தை, "நிக்காதும்மா, விதி அவ்வளவுதான்" என்கிறார். டாக்டரம்மா, "அதையெல்லாம் இப்ப யோசிக்காதீங்க" என்கிறார். நீ சொல்.

அக்கா


அக்டோபர் 19

அக்கா,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு நாள் இருந்துவிட்டேன். உன் உடம்பில் ரத்தப்போக்கு நின்றுவிட்டதா, ஜுரம் ஏதும் இல்லையே? இருந்தால் உடனே டாக்டரிடம் போ. இதைக் கடமைக்காகக் கேட்கவில்லை.

உன் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதலாம். நீயும் அதைத்தான் கேட்க விரும்புகிறாய். நானும் அதைத்தான் எழுத விரும்புகிறேன்.

வாய்ப்பு இருந்திருக்கும் அக்கா. பக்கத்தில் விட்டபோது பதினாறு முட்டையில் ஒன்றுதான் கருவானது. ஊசியில் எட்டுக்கு ஐந்து. முன்னிரண்டு தடவையும் ஊசி என்றால் இன்னும் ஒன்பது பத்து கரு கிடைத்திருக்கும். அதில் ஒன்று நின்றிருக்குமா என்று எனக்குத் தெரியாது, யாராலும் சொல்ல முடியாது. ஆனால் உனக்கு இருந்தது மூன்று வாய்ப்பு. அதை ஒன்றாக்கியது நான். முதலாவதை மார்ச்சில் நான் எழுதிய ஒரு வரியால் இழந்தாய். இரண்டாவதை ஏப்ரலில் நான் எழுதாத ஒரு வரியால் இழந்தாய். விதி என்று அத்தை சொல்வது அவருடைய நல்ல மனசு.

நீ பதில் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

தங்கை


நவம்பர் 5

தங்கைக்கு,

ரத்தப்போக்கு நின்றுவிட்டது. ஜுரம் இல்லை.

நேற்றோடு ஒரு வருடம். நானும் அத்தையும் எங்கேயும் போகவில்லை. பக்கத்துப் பட்டறையில் அவரோடு வேலை பார்த்தவர்கள் நாலு பேர் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், பேசத் தெரியாமல் எழுந்து போனார்கள்.

உன் பதிலை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "இப்படியா எழுதுவா? கல்நெஞ்சுக்காரி" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இல்லை என்று நீ எழுதியிருந்தால் இனி உன் கடிதம் எதையும் பிரிக்கமாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன். ராத்திரியெல்லாம் அழுதேன் என்பது வேறு விஷயம். அலமாரியிலிருந்த அந்த மூன்றையும் நேற்று பிரித்துப் படித்துவிட்டேன்.

உன் உறையின் பின்பக்கம் விலாசம் மாறியிருக்கிறது. ஆய்வுக்கூடத்தின் பேர் இல்லை. மாநாட்டில் என்ன ஆனது, பேராசிரியர் என்ன செய்தார், எதுவும் நீ எழுதவில்லை. நானும் கடிதத்தில் கேட்கப்போவதில்லை.

அத்தைக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. இருபத்திரண்டாம் தேதி ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள். அவருக்குப் பயம், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மருந்து விட, கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஒரு வாரம் யாராவது கூடவே இருக்க வேண்டும். நான் ஏற்கெனவே லீவு எல்லாம் எடுத்துத் தீர்த்துவிட்டேன். உன்னைக் கேட்கலாமா என்று அத்தையிடம் கேட்டேன். கையிலிருந்த துணியை மடித்து முடித்தார். பிறகு, "அவளுக்கு எந்த பஸ்ல வந்தா வசதின்னு கேளு" என்றார்.

எந்த பஸ்?

அக்கா